ஷெனன்டோவாவின் டேலிலி சங்கம்: ஒரு வட்டாரக் குழு உலகப் பெயர்ப் பதிவகமான வரலாறு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், தென்மேற்கு மூலையில் இருக்கும் சிற்றூர் ஷெனன்டோவா. 1946 கோடையில் அங்கே கூடிய தோட்டக்காரர்கள் ‘மிட்வெஸ்ட் ஹெமரோகாலிஸ் சொசைட்டி’ என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஹெமரோகாலிஸ் என்பது டேலிலி என்ற பூச்செடியின் தாவரவியல் பெயர். மத்திய மேற்கு மாநிலங்களில் டேலிலி வளர்ப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ள வேண்டும், செடி பரிமாறிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் பெரிய நோக்கம் எதையும் அந்தப் பெயர் காட்டவில்லை. ஆனால் ஒன்பதே ஆண்டில், 1955இல், உலகின் எந்த மூலையில் புது டேலிலி ரகம் உருவானாலும் அதன் பெயரைப் பதிவு செய்யும் பன்னாட்டுப் பொறுப்பு அந்தச் சங்கத்தின் கைக்கு வந்து சேர்ந்தது.

பெரிய பல்கலைக்கழகமோ பணக்கார நகரமோ பின்னால் இல்லாத ஒரு குழுவுக்கு இது எப்படி முடிந்தது? உறுப்பினர்களின் ஆர்வம் என்று சொல்லி நிறுத்துவது போதாது. ஆர்வம் நிறைந்த எத்தனையோ மலர்க் குழுக்கள் ஐந்தாறு ஆண்டில் கலைந்திருக்கின்றன. ஷெனன்டோவா குழு செய்த ஏற்பாடு ஒவ்வொன்றும் இந்தச் செடிக்கே உரிய ஒரு சிக்கலுக்கு விடையாக இருந்தது. செடியைப் புரிந்துகொண்டால்தான் சங்கம் புரியும்.

செடியும் அதன் சிக்கல்களும்

பெயரில் லில்லி இருந்தாலும் டேலிலி லில்லி இனம் இல்லை. லில்லிக்கு அடியில் குமிழ்க்கிழங்கு இருக்கும். டேலிலிக்குச் சதைப்பற்றான வேர்களும், அவற்றின் தலையில் ஒரு கழுத்துப் பகுதியும், அதிலிருந்து இரண்டு பக்கமும் விரியும் இலைக்கற்றையும் உண்டு. அந்தக் கற்றையை வளர்ப்பவர்கள் ‘விசிறி’ என்பார்கள். ஒரு விசிறி ஓராண்டில் இரண்டு மூன்றாகப் பெருகித் தூர் கட்டும். சில ரகங்கள் மட்டும் இரண்டு ஆண்டானாலும் ஒற்றையாகவே நிற்கும்.

தண்டில் மொட்டுகள் பல இருந்தாலும் ஒவ்வொரு பூவும் ஒரே நாள்தான். காலையில் விரிந்தது மாலையில் வாடிவிடும். அடுத்த நாள் அடுத்த மொட்டு. ரோஜாவை வெட்டி அஞ்சலில் அனுப்பிக் காட்டலாம், ஐரிஸை இரண்டு நாள் குவளையில் வைக்கலாம். டேலிலியை அது இருக்கும் இடத்துக்கே, பூக்கும் பருவத்தில், பகல் வேளையில் போய்ப் பார்க்க வேண்டும். 200 கிலோமீட்டர் தள்ளி இருப்பவரின் தோட்டத்தில் என்ன பூத்தது என்று தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது. ஆகவே டேலிலி வளர்ப்பவர்கள் இயல்பாகவே தனித்தனித் தீவுகளாக இருந்தார்கள்.

இன்னொரு சிக்கல், கலப்புச் சேர்க்கை மிக எளிது என்பது. ஆறு மகரந்தப் பைகளைத் தாண்டிச் சூல்தண்டு நீண்டு வெளியே நிற்கிறது. காலை எட்டு மணி வாக்கில் பை வெடித்து மகரந்தம் பஞ்சுபோல் ஆனதும், ஒரு பூவின் மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தடவினால் போதும், வேறு கருவி வேண்டாம். வெயில் ஏறி 32 டிகிரியைத் தாண்டினால் காய் பிடிப்பது குறையும். பிடித்தால் நாலைந்து நாளில் பூவடி பருக்கும். ஆறு ஏழு வாரத்தில் காய் பழுத்து நுனியில் வெடிக்கும். உள்ளே மிளகு அளவில் கறுத்துப் பளபளக்கும் விதைகள். குளிர்நாட்டு ரக விதைகளை ஈரத்துணியில் சுற்றி நாலைந்து வாரம் 4 டிகிரிக் குளிரில் வைத்தெடுத்தால் முளைப்பு சீராக இருக்கும். அயோவா மாதிரி இடத்தில் இலையுதிர் காலத்தில் பாத்தியில் விதைத்தால் பனியே அந்த வேலையைச் செய்துவிடும். இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் முதல் பூ.

இவ்வளவு எளிது என்பதால் யார் வேண்டுமானாலும் புது ரகம் உண்டாக்கினார்கள், யார் வேண்டுமானாலும் பெயர் வைத்தார்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று செடிகள், ஒரே செடிக்கு இரண்டு மூன்று பெயர்கள். 1930களின் இறுதிக்குள் வணிகப் பட்டியல்களை நம்பி ஒரு டேலிலி வாங்குவது குருட்டுத்தனமாகிவிட்டது.

அதற்கு முன்பே நடந்தது

ஷெனன்டோவா குழு வெறுந்தரையில் எழும்பவில்லை. டேலிலி கலப்பினத்தைத் திட்டமிட்டுச் செய்தவர்களில் முன்னோடி இங்கிலாந்தின் யார்க் நகரப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் யெல்டு. 1890களின் தொடக்கத்தில் வெளிவந்த அவருடைய ‘ஆப்ரிகாட்’தான் கலப்பின வரலாற்றின் முதல் பெயர். அமெரிக்காவில் அந்த வேலையை அறிவியல் அடிப்படையில் எடுத்துக்கொண்டவர் ஆர்லோ பர்டெட் ஸ்டவுட். 1911இல் நியூயார்க் தாவரவியல் பூங்காவில் சேர்ந்தவர். தாவரங்களின் மலட்டுத்தன்மை அவருடைய ஆய்வுப் பொருள். ஐரோப்பா முழுதும், அமெரிக்கச் சாலையோரங்களிலும், தானாகப் பரவிக்கிடந்த செம்மஞ்சள் டேலிலி விதையே பிடிக்காமல் இருந்தது அவரை ஈர்த்தது.

காரணம் குரோமோசோம் எண்ணிக்கை. சாதாரண டேலிலிக்கு 22. அந்தச் சாலையோரச் செடிக்கு 33. மூன்று தொகுதிகள் இருப்பதால் பாலணுக்கள் உருவாகும்போது ஒழுங்காகப் பிரிவதில்லை, விதை அமைவது அரிது. நிலத்தடியில் ஓடும் தண்டுகள் வழியாகவே அது நாடு நாடாகப் பரவியது, மனிதர்கள் பிடுங்கி நட்டும் பரவியது. அந்த ஒற்றைச் செடியின் பெருக்கத்துக்கு ஸ்டவுட் ‘யூரோப்பா’ என்று பெயரிட்டார். அதை வைத்து ஆயிரக்கணக்கில் மகரந்தச் சேர்க்கை செய்து விரல்விட்டு எண்ணும் அளவே விதை பெற்றாலும், அந்தச் சிறு வழியினூடே சிவப்பு நிறத்தைத் தோட்ட ரகங்களுக்குள் கொண்டுவந்தார். சீனாவிலிருந்து ஆல்பர்ட் ஸ்டூவர்ட் அனுப்பிய காட்டினச் செடிகளும் அவருக்குக் கைகொடுத்தன. 1929இல் ‘மிகாடோ’, 1934இல் அடர்சிவப்பு ‘தெரோன்’. அவருடைய ரகங்களைப் பெருக்கி விற்கும் வேலை பென்சில்வேனியாவின் ஃபார் நர்சரிக்குத் தரப்பட்டது.

நியூயார்க்கில் அறிவு இருந்தது, பென்சில்வேனியாவில் வணிகம் இருந்தது. தோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் மத்திய மேற்கில் இருந்தார்கள். அவர்களைச் சேர்த்துப் பிடிக்க ஒரு கயிறு வேண்டியிருந்தது.

வானொலி

அந்தக் கயிறு வானொலி. ஷெனன்டோவா விதைக் கம்பெனிகளின் ஊர். ஹென்றி ஃபீல்டு தன் விதைக் கம்பெனிக்காக 1924இல் கேஎஃப்என்எஃப் நிலையத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே போட்டியாளர் ஏர்ல் மே, கேஎம்ஏ நிலையத்தைத் தொடங்கினார். விதை விற்பதற்காகத் தொடங்கிய நிலையங்கள்தாம். ஆனால் பண்ணை வீடுகளில் காலை முழுதும் ஓடியவை அவைதாம். ஹென்றி ஃபீல்டின் சகோதரிகளில் மூவர் பொதுவாழ்வில் தடம் பதித்தவர்கள். ஜெஸ்ஸி ஃபீல்டு ஷாம்பா பள்ளிப் பிள்ளைகளுக்கு விவசாயக் குழுக்கள் அமைத்து ‘நான்கு-எச்’ என்ற இளையோர் இயக்கத்துக்கு வித்திட்டவர். லியானா டிரிஃப்ட்மையர் இல்லத்தரசிகளுக்கான வானொலி நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் நடத்தியவர். மூன்றாமவர் ஹெலன் ஃபீல்டு ஃபிஷர், நேயர்கள் ‘பூ அம்மா’ என்ற பொருளில் ‘ஃப்ளவர் லேடி’ என்று அழைத்தவர்.

ஹெலன் தன் தோட்டக்கலை நிகழ்ச்சியில் டேலிலியைத் திரும்பத் திரும்பப் பேசினார். மத்திய மேற்கின் பண்ணைவீட்டுப் பெண்களுக்கு அந்தச் செடி ஏன் பொருந்தியது என்பதற்கு உறுதியான காரணங்கள் உண்டு. வறட்சி தாங்கும். குளிர்காலத்தில் இலை கருகி நிலத்தோடு மடங்கி, மைனஸ் 25 டிகிரியிலும் வேர் பிழைக்கும். தோண்டி எடுத்து வேரோடு காகிதத்தில் சுற்றி அஞ்சலில் அனுப்பினாலும் சாகாது. 1930களின் வறட்சி ஆண்டுகளில் மற்றப் பூக்கள் கருகியபோது இது நின்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் பங்கீட்டால் யாரும் யார் தோட்டத்துக்கும் போக முடியவில்லை. 1945 ஆகஸ்டில் பங்கீடு முடிந்தது. அடுத்த கோடையிலேயே ஷெனன்டோவாவில் கூட்டமும் மலர்க் கண்காட்சியும் நடந்தன, சங்கம் பிறந்தது. அதுவரை குரலாலும் கடிதத்தாலும் மட்டும் அறிந்தவர்கள் முதன்முறையாக நேரில் சந்திக்க முடிந்த காலம் அது.

வானொலியின் பலன் ஒன்று முக்கியமானது. சங்கம் பிறக்கும் முன்பே அதன் உறுப்பினர்கள் உருவாகிவிட்டார்கள். வழக்கமாகத் தோட்டக் குழுக்கள் முதலில் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, பிறகு உறுப்பினர் தேடி அலையும். இங்கே நடந்தது நேர்மாறு.

சுற்றுக் கடிதம் வேலை செய்த முறை

ஆண்டுக்கு ஒருமுறை கூடும் சங்கத்தை மீதி மாதங்களில் உயிரோடு வைத்திருந்தவை ‘ராபின்’ எனப்படும் சுற்றுக் கடிதங்கள். ஐரிஸ் வளர்ப்பவர்களிடையே முன்பே இருந்த பழக்கம். அதன் இயக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கத்தின் முதல் பத்தாண்டு அறிவுப் பரிமாற்றத்தில் பெரும்பகுதி இதில்தான் நடந்தது.

எட்டு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழு. ஒருவர் பொறுப்பாளர். அவர் ஒரு கடிதம் எழுதி, முகவரிப் பட்டியலோடு முதலாமவருக்கு அனுப்புவார். முதலாமவர் படித்துத் தன் கடிதத்தைச் சேர்த்து இரண்டாமவருக்கு அனுப்புவார். கட்டு பெருத்துக்கொண்டே போய் ஒரு சுற்று முடிந்து முதலாமவரிடம் திரும்பும். இப்போது அவர் தன் பழைய கடிதத்தை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்க்க வேண்டும். இப்படியாகக் கட்டில் எப்போதும் ஒவ்வொருவருடைய ஒரு கடிதமே இருக்கும், எல்லோரும் எல்லோரையும் படித்திருப்பார்கள். பத்துப் பேரும் ஆளுக்குப் பத்து நாள் வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்குப் பயண நேரம் தவிர 100 நாள். இரண்டு பேர் ஒரு மாதம் கிடப்பில் போட்டால் அந்த ஆண்டின் பூக்காலம் கைநழுவிவிடும்: ஜூன் மாதம் கேட்ட கேள்விக்கு நவம்பரில் பதில் வரும்.

ராபின் தடுமாறிய இடங்கள் மூன்று. கட்டை வைத்துக்கொண்டு அனுப்பாதவர், அஞ்சலில் தொலைந்த கட்டு, பழைய கடிதத்தை எடுத்தெறிந்துவிட்டு நகல் வைக்காதவர். முதலாவதற்கு மருந்து, கட்டு கைமாறும்போது ஒவ்வொருவரும் பொறுப்பாளருக்கு ஓர் அஞ்சலட்டை போடுவது. அட்டை வராத இடத்தில் கட்டு நிற்கிறது என்று தெரிந்துவிடும். மூன்றாவது இழப்புக்கு மருந்தே இல்லை. நல்ல தோட்டக்காரர்களின் பல ஆண்டுக் குறிப்புகள் அப்படித்தான் குப்பைக்குப் போயின. அதில் பிழைத்தவை, பொறுப்பாளர்கள் சாரத்தை எடுத்துச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுத்த பகுதிகள் மட்டும்.

கடிதத்தோடு வண்ண ஸ்லைடுகளும் சுற்றின. 1936இல் 35 மில்லிமீட்டர் கோடாக்ரோம் வந்த பிறகு ஒருநாள் பூவைப் பிடித்து வைக்க முடிந்தது. ஆனால் வண்ண பிலிம் ஊதாவையும் லாவெண்டரையும் சரியாகக் காட்டாது. கண்ணுக்குத் தெரியாத சிவப்போர ஒளியையும் வாங்கிக்கொண்டு இளஞ்சிவப்பாக மாற்றிவிடும். ஸ்லைடைப் பார்த்து ‘ரோஜா நிறம்’ என்று வாங்கியவர் பாத்தியில் பழுப்பேறிய ஊதாவைக் கண்டார். எனவே கவனமுள்ள வளர்ப்பாளர்கள் நிற அட்டையோடு ஒப்பிட்டு எழுத்தில் நிறத்தைச் சொல்வதையே நம்பினார்கள். 1912இல் வெளியான ராபர்ட் ரிட்ஜ்வேயின் 1,115 நிற மாதிரிகள் கொண்ட நூல் அந்தக் கால ஆய்வாளர்களின் வழக்கமான துணை.

பெயர்: சங்கம் செய்த மிகப் பெரிய வேலை

கண்காட்சியும் பதக்கமும் கண்ணில் படும். ஆனால் இந்தச் சங்கம் நிலைத்ததற்கு அடிப்படை பெயர்ப் பதிவுதான். டேலிலியில் பெயர் எப்படிக் கெடுகிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இது விளங்கும்.

ஒரு தோட்டத்தில் நல்ல பெயர் கொண்ட மஞ்சள் ரகம் ஒன்று தூர்கட்டி நிற்கிறது. தேனீ கொண்டுவந்த மகரந்தத்தில் ஒரு காய் பிடிக்கிறது. யாரும் கிள்ளவில்லை. ஆகஸ்டில் காய் வெடித்து விதைகள் தூருக்குள்ளேயே விழுகின்றன. அடுத்த வசந்தத்தில் முளைக்கின்றன. தூரின் இலைகளுக்கு நடுவே அந்த நாற்று தனியாகத் தெரியாது. மூன்றாம் ஆண்டு தூரைத் தோண்டிப் பிரித்து நண்பர்களுக்குக் கொடுக்கும்போது ஏழு விசிறியில் ஒன்று அந்த நாற்று. அதுவும் அதே பெயர்ச்சீட்டோடு போகிறது. அதைப் பெற்றவர் இன்னும் நாலு பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறார். பத்தாண்டில் ஒரே பெயரில் இரண்டு செடிகள் இரண்டு மாநிலங்களில் நிற்கும். இதில் யாரும் ஏமாற்றவில்லை.

இதனால்தான் தேவையில்லாத காய்களைக் கிள்ளிவிடு என்பது டேலிலி வளர்ப்பில் முதல் ஒழுங்கு. பூ வாடியதும் அடியோடு ஒடித்தால் காய் பிடிக்காது, தூரும் பலக்கும். பெயர்ச்சீட்டும் இதே அளவுக்கு முக்கியம். மை வெயிலில் இரண்டு பருவத்தில் போய்விடும். துத்தநாகத் தகட்டில் சாதாரணப் பென்சிலால் எழுதினால் பல ஆண்டு நிற்கும். ஆனால் உறைபனியில் மண் உப்பிச் சீட்டுக் கம்பியைத் தூக்கி எறியும், களைக்கொத்து இழுத்துவிடும். எனவே சீட்டை மட்டும் நம்பாமல் பாத்தியின் வரைபடம் ஒன்றை வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டும்.

தோட்டத்தில் ஒழுங்கு வந்தாலும் நாடு முழுதும் யார் எந்தப் பெயரை எதற்கு வைத்தார்கள் என்ற கணக்கு வேண்டும். முதல் பெரிய கணக்கு இந்தச் சங்கத்துக்கு வெளியே தொடங்கியது. நார்ட்டன், ஸ்டன்ட்ஸ், பல்லார்ட் ஆகிய மூவர் 1893 முதல் 1948 வரையிலான டேலிலி ரகங்களின் விவரப் பட்டியலைத் தொகுத்தார்கள். 1949இல் அதை அமெரிக்கன் பிளான்ட் லைஃப் சொசைட்டி வெளியிட்டது. ஷெனன்டோவா சங்கம் இந்த உழைப்பைத் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கவில்லை, அதன் மேலேயே கட்டியது. இது நல்ல முடிவு. இரண்டு பட்டியல்கள் போட்டிபோட்டிருந்தால் பெயர்க்குழப்பம் இரட்டித்திருக்கும். 1955இல் நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கனில் நடந்த பன்னாட்டுத் தோட்டக்கலை மாநாட்டின்போது டேலிலி பெயர்களின் பன்னாட்டுப் பதிவகமாகச் சங்கம் ஏற்கப்பட்டது. அப்போது கையில் இருந்தது இந்தக் கணக்கின் பலம்தான். பெயரில் இருந்த ‘மிட்வெஸ்ட்’ சில ஆண்டுகளிலேயே உதிர்ந்து, 1950களின் நடுவில் ‘அமெரிக்கன் ஹெமரோகாலிஸ் சொசைட்டி’ ஆகியிருந்தது. 1893 முதல் 1957 ஜூலை 1 வரையிலான முழுப் பட்டியலைச் சங்கமே வெளியிட்டது.

பதிவுக்குக் கேட்கப்படும் விவரங்களைப் பார்த்தால், அவற்றில் ஒவ்வொன்றும் தோட்டக்காரரின் ஒரு கேள்விக்குப் பதில் என்பது தெரியும். பூத்தண்டின் உயரம், பூவின் குறுக்களவு, நிறமும் தொண்டை நிறமும், பெற்றோர்ச் செடிகள். பூக்கும் பருவம் மிக முந்தியது முதல் மிகப் பிந்தியது வரை. மறுபடி பூக்குமா, மணம் உண்டா. இலைப் பழக்கம்: குளிர்காலத்தில் முழுதும் மடங்குவதா, பச்சையாகவே நிற்பதா, இடைப்பட்டதா. ஒருமுறை பதிந்த பெயர் இன்னொரு செடிக்கு மறுபடி கிடைக்காது. பெயர் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதற்கும் வரையறை உண்டு.

இந்த முறையில் ஒரு பலவீனம் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. பதிவாவது சொல்லும் அளவும்தான், செடி இல்லை. ரகம் தரமானதா என்று யாரும் நட்டுச் சோதித்த பிறகு பதிவதும் இல்லை. விண்ணப்பம் ஒழுங்காக இருந்தால் பெயர் ஏறிவிடும். இன்றைக்குப் பட்டியலில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் வேறு வழியில் செய்திருக்க முடியுமா என்று கேட்டால், சோதனைத் தோட்டம் வைத்து ஒவ்வொன்றையும் தகுதி பார்க்கும் பணமோ ஆளோ அந்தச் சங்கத்திடம் இல்லை. பெயரைக் காப்பது ஒன்று, தரத்தைத் தீர்மானிப்பது வேறு என்று பிரித்துக்கொண்டதால்தான் பதிவு வேலை நின்று போகவில்லை.

ஒருநாள் பூவுக்குக் கண்காட்சி

கண்காட்சிக்கு வெட்டுவது தனிப் பூவை மட்டுமல்ல, முழுத் தண்டையும். அன்று காலை விரிந்த பூ, வரப்போகும் மொட்டு, கிளைகள் எல்லாம் சேர்ந்துதான் மதிப்பெண். முந்தைய நாள் வாடிய பூவையும் காயையும் காம்பு தெரியாமல் நகத்தால் சுத்தமாக எடுக்க வேண்டும். பிய்த்த தழும்பு தெரிந்தால் மதிப்பெண் போகும். தண்டை அடியிலிருந்து வெட்டியதும் தண்ணீரில் வைத்து, கழுத்துக் குறுகிய பாட்டிலில் நிறுத்திக் காரில் கொண்டுபோக வேண்டும். ஒரு பூவின் இதழ் இன்னொன்றை உரசக் கூடாது. சில ரகங்கள் முந்தைய மாலையே விரியத் தொடங்கி மறுநாள் நண்பகலில் தளர்ந்துவிடும். அவற்றைக் காலைக் கண்காட்சிக்குக் கொண்டுவருவதில் பயனில்லை. சில அடர்சிவப்பு ரகங்கள் வெயிலில் பத்து மணிக்கே உருகிப் பளபளப்பு இழக்கும். அந்த ரகத்தை வெயில் ஏறும் முன்பே வெட்டி நிழலில் வைக்க வேண்டும்.

தேதிதான் எல்லாவற்றையும் விடக் கடினம். ஒரு வட்டாரத்தில் உச்சப் பூக்காலம் இரண்டு மூன்று வாரம். மழை தள்ளிப்போனாலோ வசந்தம் முந்தினாலோ கண்காட்சி நாளில் பூ இருக்காது. அயோவாவில் ஜூலை நடுப்பகுதி, ஃபுளோரிடாவில் மே. நாடு முழுதும் ஒரே கண்காட்சி என்பது இந்தச் செடிக்கு நடக்காத காரியம். தேசியச் சங்கமாக வளர்ந்தபோது வட்டாரங்களாகப் பிரிந்தே ஆக வேண்டியிருந்ததற்கு இதுவும் காரணம்.

பதக்கமும் வட்டாரங்களும்

1950இல் சங்கம் பதக்கங்களை ஏற்படுத்தியது. மூவர் பெயரில் மூன்று: சங்கப் பணிக்கு ஹெலன் ஃபீல்டு ஃபிஷர் பெயரில் ஒன்று, கலப்பினம் செய்பவருக்கு பெர்ட்ரண்ட் ஃபார் பெயரில் ஒன்று, சிறந்த ரகத்துக்கு ஸ்டவுட் பெயரில் ஒன்று. நேயர்களைச் சேர்த்தவர், செடியைப் பரப்பியவர், அறிவியலைத் தந்தவர் என்று தன் மூன்று வேர்களையும் சங்கம் அறிந்திருந்தது என்பது இதில் தெரிகிறது.

முதல் ஸ்டவுட் பதக்கம் ஹான்ஸ் சாஸின் ‘ஹெஸ்பரஸ்’ ரகத்துக்கு. சாஸ் குடும்பம் ஜெர்மனியிலிருந்து வந்து நெப்ராஸ்காவில், ஓமஹாவுக்கு அருகில், பண்ணை வைத்து ஐரிஸில் பெயர் பெற்றது. ஷெனன்டோவாவிலிருந்து ஏறக்குறைய அண்டை ஊர். அந்த ஒரு ஆண்டை மட்டும் பார்த்தால் வட்டாரக் குழு தன் வட்டாரத்துக்கே பரிசளித்தது என்று தோன்றும். அடுத்த ஆண்டு பதக்கம் டெக்சாஸின் ரஸ்ஸலுக்கு (‘பெயின்டட் லேடி’), 1952இல் மாசசூசெட்ஸின் நெஸ்மித்துக்கு (‘பொடென்டேட்’), 1954இல் ஸ்டவுட்டுக்கே (‘டான்ட்லெஸ்’), 1956இல் ஃபுளோரிடாவின் வீலருக்கு (‘நாரஞ்சா’). பதக்கம் வாங்கிய வரிசையே சங்கம் மத்திய மேற்கைத் தாண்டியதற்கு அத்தாட்சி.

ஆண்டுகளைக் கவனியுங்கள். ‘ஹெஸ்பரஸ்’ வெளிவந்தது 1940, பதக்கம் 1950. ‘டான்ட்லெஸ்’ வெளிவந்தது 1935, பதக்கம் 1954. இது நடுவர்களின் சோம்பலால் நேர்ந்த தாமதம் இல்லை. கலப்பு செய்த மூன்றாம் ஆண்டு முதல் பூ, நல்லதுதானா என்று இன்னும் இரண்டு ஆண்டு கவனிப்பு, ஒற்றை நாற்றிலிருந்து விற்கும் அளவுக்குப் பெருக்க மேலும் நாலைந்து ஆண்டு. பிறகுதான் வெவ்வேறு மாநிலத் தோட்டங்களில் தூர் கட்டி நடுவர்களின் கண்ணில் படும். ஒருவர் இடத்தில் மட்டும் நன்றாக இருக்கும் ரகத்துக்குப் பதக்கம் போகாமல் காத்தது இந்தத் தாமதமே.

ஏனென்றால் தட்பவெப்பம் டேலிலியில் ஈவிரக்கம் காட்டாது. ஃபுளோரிடாவில் ஆண்டு முழுதும் பச்சையாக நிற்கும் ரகத்தை அயோவாவில் நட்டால், இலையுதிர் காலத்து இதமான வாரத்தில் தளிர்விட்டு அடுத்த உறைபனியில் கழுத்தோடு அழுகக்கூடும். வடக்கின் மடங்கும் ரகத்தை ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோனால் குளிர்க்கால ஓய்வு கிடைக்காமல் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்து மறையக்கூடும். ஒரு ரகத்தைப் பற்றி ‘நல்ல செடி’ என்று எழுதும் வாக்கியத்துக்கு, எந்த வட்டாரத்தில் என்று சேர்க்காவிட்டால் பொருளே இல்லை. நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரும் செய்திமடலும் வைத்த ஏற்பாடு இந்த உண்மையிலிருந்து வந்தது. வட்டாரங்கள் இன்று 15. அயோவாவும் நெப்ராஸ்காவும் மினசோட்டாவும் இருப்பது இன்றும் ஒன்றாம் வட்டாரத்தில்.

ஆண்டு மாநாடு ஒவ்வொரு முறையும் வேறு வட்டாரத்தில் நடப்பதும் இதற்காகவே. மாநாட்டுத் தோட்டங்களுக்குக் கலப்பினம் செய்பவர்கள் தங்கள் புது ரகங்களை ‘விருந்தாளிச் செடி’யாக அனுப்புவார்கள். பார்வையாளர் வரும் நாளுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு முன்பே அனுப்ப வேண்டும். முதல் ஆண்டு நட்ட செடி பூத்தாலும் தண்டு குட்டையாக, மொட்டுக் குறைவாக இருக்கும். அதைப் பார்த்து ரகத்தை எடைபோடுவது தவறு.

அனுப்பும் முறை: பூக்காலம் முடிந்து மூன்று நான்கு வாரம் கழித்துத் தூரைத் தோண்டி, நீர்த்தாரையால் மண்ணைக் கழுவி, இலையை 15 சென்டிமீட்டருக்கு வெட்டி, கழுத்தும் வேரும் இலையும் ஒவ்வொரு பங்கிலும் இருக்கும்படி பிரிக்க வேண்டும். நிழலில் ஒருநாள் உலர்த்தி, காய்ந்த செய்தித்தாளில் சுற்றிக் காற்றோட்டமான பெட்டியில் வைக்க வேண்டும். ஈரத்தோடு அடைத்தால் மூன்றாம் நாளே கழுத்து அழுகத் தொடங்கும். வாடுவதைவிட அழுகுவதுதான் டேலிலிக்கு எமன். பெற்றவர் வேரைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, செடிக்குச் செடி 45 முதல் 60 சென்டிமீட்டர் விட்டு, கழுத்து மண்ணுக்குள் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் புதையாமல் நட வேண்டும். ஆழமாகப் புதைத்த செடி இலைவிடும், பூக்காது.

1961: தொடக்கக் காலத்தின் எல்லை

சங்கத்தின் முதல் கட்டத்தை முடித்துவைத்தது ஒரு ரசாயனம். கொல்சிசின் குரோமோசோம் தொகுதியை இரட்டிப்பாக்கும் என்பது 1937இல் தெரியவந்தது. 22 என்பது 44 ஆனால் தண்டு தடிக்கும், இதழ் கனக்கும், நிறம் ஆழும். ஹாமில்டன் ட்ராப் இதில் முன்னோடி. இல்லினாய்ஸின் ஆர்வில் ஃபேயும் ராபர்ட் கிரீஸ்பாக்கும் 1961இல் ‘கிரெஸ்ட்வுட்’ வரிசை ரகங்களைக் கொண்டுவந்தபோது கலப்பினக்காரர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 44 உள்ளதும் 22 உள்ளதும் கலந்தால் விதை பெரும்பாலும் அமையாது. அதுவரை எந்த அழகான பூவையும் எந்தப் பூவோடும் கலக்கலாம் என்றிருந்த தோட்டக்காரர், இப்போது கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் ஒரு பருவத்தையே வீணாக்க நேர்ந்தது. காய் பிடிக்காததற்கு வெயிலைக் குறை சொன்னவர்கள் பலர், உண்மைக் காரணம் குரோமோசோம். பதிவு விவரங்களில் குரோமோசோம் வகை கட்டாயம் இடம்பெற வேண்டியதாயிற்று. புதிய வகைக்கு முதல் ஸ்டவுட் பதக்கம் கிடைத்தது 1978இல், ஃபேயின் ‘மேரி டாட்’ ரகத்துக்கு. 1967இல் வெளிவந்த செடி. வழக்கம்போலப் பதினோரு ஆண்டு.

பழைய பட்டியல்களின் பயன் இன்று பெரும்பாலும் எதிர்மறையானது. பழைய பண்ணை வீட்டில் சீட்டில்லாமல் நிற்கும் ஒரு மஞ்சள் டேலிலியை 1957 பட்டியலோடு ஒப்பிட்டால் பொருந்தக்கூடிய பெயர்கள் பல கிடைக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போதிய விவரம் கிடைக்காது. உயரமும் அளவும் நிறமும் பொருந்தினாலும், அது தூருக்குள் விழுந்து முளைத்த நாற்றாக இருக்கலாம். எனவே வம்சாவளி தெரியாத செடிக்கு ஊகத்தால் பெயர் சூட்டுவதில்லை, பெயரற்றது என்றே சீட்டு எழுதுகிறார்கள். அந்தச் செடியைப் பிரித்துக் கொடுக்கும்போது யார் தோட்டத்திலிருந்து, எந்த ஆண்டு எடுத்தது என்பதைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுப்பது வழக்கம். பின்னால் எங்காவது பெயரோடு ஒரு பழைய பாத்தி வரைபடம் கிடைத்தால், ஒப்பிட அந்த ஒரு வரி போதும்.